புதிய வடிகட்டியும் பழைய எஞ்சினும்

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பேணிக் காப்போர் இன்றும் நம்மிடையே உளர். தகப்பனார் வாங்கிய வண்டி என்னும் பற்றினாற் சிலர் அவற்றைக் கைவிட மனமின்றி வைத்திருக்கின்றனர். அக்காலத்து எஞ்சினின் முழக்கத்தில் மனத்தைப் பறிகொடுத்துத் தேடி வாங்கியோரும் உண்டு. இத்தகையோர் வண்டிக்குப் புத்துயிரூட்ட எண்ணும்போது முதலிற் கைவைப்பது பெரும்பாலும் காற்று வடிகட்டியிலேயாகும். அதன் விலை அதிகமன்று. கழற்றிப் பூட்டுவதும் எளிது. பழைய பெட்டியை அகற்றிவிட்டுக் கூம்பு வடிவான திறந்த வடிகட்டிகளைப் பொருத்தியதும் எஞ்சின் முன்னிலும் கம்பீரமாக உறுமும். உரியவரும் மகிழ்வார்.

ஆனால், வடிகட்டி வெறும் தூசி தடுக்கும் துணியன்று. காபுரேற்றரின் கணக்கில் அதுவும் ஓர் உறுப்பாகும். அதனை மாற்றியவர் கலவையையும் மாற்றிவிட்டார் என்பதே உண்மை. இதனை உணராது வண்டியை விரட்டுவோர் ஒரு நாள் பிஸ்டனையே இழக்க நேரிடும். ஆகவே, வடிகட்டி மாற்றியபின் காபுரேற்றரைச் சீர்செய்யும் முறையை இவ்வாரம் ஆராய்வோம்.

காற்றும் பெற்றோலும்

ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்றுத் தேவை. இவ்வளவில் பெற்றோல் குறைந்தால் அதனை ஐதான கலவை என்றும், மிகுந்தால் செறிவான கலவை என்றும் கூறுவர். எஞ்சின் முழு வலுவுடன் உழைக்கும்போது கலவை சற்றுச் செறிவாக, அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்று என்னும் அளவில் இருப்பதே நன்று. மிகுதியான பெற்றோல் ஆவியாகும்போது எஞ்சினின் உட்புறத்தைச் சற்றுக் குளிரச் செய்கின்றது.

காபுரேற்றரின் தொண்டை ஒடுங்கிய ஒரு குழாய். அதனூடாகக் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அமுக்கம் குறைகின்றது. கீழேயுள்ள மிதவைக் கிண்ணத்திலோ வெளிக்காற்றின் அமுக்கம் நிலவுகின்றது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையே பெற்றோலை ஜெற்றினூடாக மேலே தள்ளுகின்றது. பழைய வடிகட்டியும் அதன் பெட்டியும் காற்றைச் சற்றுத் தடுப்பதால் தொண்டையின் அமுக்கம் மேலும் குறையும். பெற்றோலும் அதற்கேற்பச் சற்று மிகுதியாக ஏறும். எஞ்சினை வடிவமைத்தோர் இத்தடையையும் கணக்கிற் கொண்டே ஜெற்றின் அளவைத் தெரிந்தெடுத்தனர். தடை நீங்கினால் அமுக்க வேற்றுமை குறைகின்றது. காற்றுத் தாராளமாக வருகின்றது. பெற்றோலோ அதற்கு ஈடாக வருவதில்லை. கலவை ஐதாகிவிடுகின்றது.

இங்கே ஒன்றைத் தெளிவாக நினைவிற் கொள்ள வேண்டும். அடைபட்ட வடிகட்டியை நீக்கி அதே வகையைச் சேர்ந்த புதிய ஒன்றைப் பூட்டுவோர் ஜெற்றை மாற்ற வேண்டியதில்லை. வண்டி தன் பழைய நிலைக்குத் திரும்புகின்றது, அவ்வளவே. ஆயின், வடிகட்டி அடைபட்டிருந்த காலத்தில் எவரேனும் புகையைக் குறைப்பதற்காகச் சிறிய ஜெற்றைப் பூட்டியிருந்தால், இப்போது அதுவே கேடாக முடியும். எனவே ஜெற்றிற் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து, வண்டியின் கைந்நூலோடு ஒப்பிடுவது முதற் கடமையாகும்.

ஐதான கலவையின் வஞ்சகம்

செறிவான கலவை தன் குற்றத்தைத் தானே பறைசாற்றும். கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும், எஞ்சின் சோம்பலுடன் இழுக்கும். பெற்றோல் வீணாகுமேயன்றி உடனடியாக எஞ்சினுக்குப் பேரிடர் இல்லை. ஐதான கலவையோ அவ்வாறன்று. அதில் புகை இல்லை. பிளக்கும் தூய்மையாக இருக்கும். வண்டி சுறுசுறுப்பாக ஓடுவதுபோலவும் தோன்றும். ஆனால், முழு வேகத்தில் எஞ்சின் அளவிற்கு மீறிச் சூடேறி, கலவை நேரம் தவறி வெடிக்கத் தொடங்கும். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகுவது. எரியும் வாயுவின் வெப்பநிலையோ 2,000 பாகைக்கும் மேற்பட்டது. பிஸ்டனின் தலையிற் துளை விழுவதும், அது உருளையில் இறுகி ஓடும் வண்டியின் பின்சக்கரத்தைத் திடீரெனத் தடுத்துவிடுவதும் இதனாலேயே. அப்போது இடருக்குள்ளாவது இரும்பு மாத்திரமன்று. வண்டியில் இருப்போரின் உயிருமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

இங்கிலாந்தின் ட்ரையம்ப் பொன்னவில் என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1959ஆம் ஆண்டின் மாதிரியாக வெளிவந்த இது, 649 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் இரண்டு உருளைகளும் உடையது. உருளைக்கு ஒன்றாக இரண்டு அமல் காபுரேற்றர்கள் இதிற் பூட்டப்பட்டன. அமல் என்னும் நிறுவனம், மூன்று காபுரேற்றர் நிறுவனங்கள் இணைந்து 1927இல் தோன்றியதாகும். 1967ஆம் ஆண்டிலிருந்து அதன் கொன்சென்றிக் வகைக் காபுரேற்றர்கள் இவ்வண்டிக்கு வந்தன. அமைப்பில் எளிமையானவை ஆதலால், கற்போர்க்கு இவை நல்ல பாடமாகும்.

காபுரேற்றரில் கை வைக்குமுன் வேறு சிலவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். வால்வுகளின் இடைவெளியும் தீப்பொறியின் நேரமும் சரியாக உள்ளனவா? காபுரேற்றர் எஞ்சினோடு சேருமிடத்தில் காற்றுக் கசிகின்றதா? இரண்டு கம்பிகளும் இரு சிலைட்டுகளையும் ஒரே வேளையில் உயர்த்துகின்றனவா? இவற்றிற் குறையிருப்பின் எத்தனை ஜெற் மாற்றினும் பயன் விளையாது.

பொதுவாக நாம் காணும் தவறு, நின்றபடி ஓடும் எஞ்சினின் ஒலியைக் கேட்டுச் சிறு திருகாணியை முதலில் திருகத் தொடங்குவது. அமல் நிறுவனம் வகுத்த ஒழுங்கு இதற்கு மாறானது. அது முழு வேகத்திலிருந்து தொடங்குகின்றது. காபுரேற்றரின் ஒவ்வோர் உறுப்பும் கைப்பிடியின் ஒவ்வொரு நிலையிலே ஆட்சி செய்கின்றது. ஆகவே, கைப்பிடியில் கால், அரை, முக்கால் என ஒட்டுநாடாவால் அடையாளமிட்டுக்கொள்வது உதவியாகும்.

முதலாவது, மெயின் ஜெற். இது முக்கால் திறப்பிலிருந்து முழுத் திறப்பு வரை ஆளுவது. அமல் ஜெற்றின் எண், ஒரு நிமிடத்தில் அதனூடாகப் பாயும் பெற்றோலைக் கன சென்ரிமீற்றரிற் குறிக்கும். எண் கூடினாற் கலவை செறியும். திறந்த வடிகட்டி பூட்டியவர் முன்னிருந்ததிலும் பெரிய ஜெற்றிலிருந்து தொடங்கிப் பத்துப் பத்தாகக் குறைத்து வருவதே பாதுகாப்பான வழி. ஆளரவமற்ற மேட்டு வழியில் கைப்பிடியை முழுதும் திறந்து சிறிது தூரம் ஓட்டுக. கைப்பிடியைச் சற்றுக் குறைத்தபோது, அல்லது சோக்கைச் சிறிது மூடியபோது வண்டி நன்கு இழுத்தால், ஜெற் சிறியது. கனத்து, தடுமாறி ஓடினால் ஜெற் பெரியது.

இரண்டாவது, மெதுவான ஓட்டத்திற்குரிய பைலற் திருகாணி. முற்றாக மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குதல் வழக்கம். அமல் காபுரேற்றரில் இது காற்றை அளவிடுவது. ஆதலால் உள்ளே திருகினாற் கலவை செறியும். சூடேறிய எஞ்சின் நின்றபடி சீராக ஓடும் நிலையை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து அமைக்க வேண்டும்.

மூன்றாவது, சிலைட்டின் அடியிலுள்ள வெட்டு. இது எட்டிலொன்று முதல் கால் திறப்பு வரை ஆளும். கைப்பிடியைத் திறக்கும்போது காபுரேற்றர் 'தும்மினால்' கலவை ஐது என்பது பொருள். வெட்டுக் குறைந்த சிலைட் வேண்டும்.

நான்காவது, ஊசி. கால் முதல் முக்கால் வரையிலான ஆட்சி இதனுடையது. நம் அன்றாட ஓட்டத்தின் பெரும்பகுதி இவ்வெல்லைக்குள் அடங்குவதால் இதனை அலட்சியம் செய்யலாகாது. ஊசியை ஒரு பள்ளம் உயர்த்தினாற் கலவை செறியும், தாழ்த்தினால் ஐதாகும். இறுதியாக, பைலற் திருகாணியை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஒரு வேளையில் ஒன்றை மாத்திரமே மாற்றுக. மாற்றியதை ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்க. இரண்டை ஒருங்கே மாற்றியவருக்கு நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்பது விளங்காது.

பிளக் சொல்லும் சாட்சி

புதிய பிளக்குகளைப் பூட்டி, முழுத் திறப்பில் சிறிது ஓட்டி, அந்நிலையிலேயே கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது மெக்கானிக்குகள் நெடுங்காலமாகக் கையாளும் சோதனை. வெண்மையாக வெளிறியிருப்பின் ஐது; கரி படிந்திருப்பின் செறிவு; இளங்கபிலமாயின் நன்று. ஈயம் கலவாத இன்றைய பெற்றோலில் நிறம் மங்கலாகவே தோன்றும். ஆதலால், பீங்கானின் அடிப்பகுதியை உற்று நோக்க வேண்டும். இரண்டு பிளக்குகளும் ஒரே நிறமாக இருத்தல் அவசியம்.

நம் நாட்டவர் மலைநாட்டையும் மறத்தலாகாது. 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்றமுக்கம் கொழும்பிலுள்ளதைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. கொழும்பிற் சீர்செய்த வண்டி அங்கே சற்றுச் செறிந்து சோம்பும், தீங்கில்லை. ஆனால், அங்கே சீர்செய்த வண்டியைக் கடற்கரைக்கு இறக்கினாற் கலவை ஐதாகிவிடும். அதுவே அஞ்சத்தக்கது.

திறந்த வடிகட்டிக்கு மழையும் பக்கக்காற்றும் பகை. பெட்டிக்குள் இருந்த பழைய வடிகட்டி அவற்றுக்கு மறைவில் இருந்தது. மழையில் நாள்தோறும் ஓட வேண்டிய வண்டிக்குப் பழைய பெட்டியே ஏற்றதென்பது எமது எண்ணம். எதனைப் பூட்டினும் வடிகட்டியின்றி ஓட்டுதல் கூடாது. தூசி உருளையின் சுவரை அரத்தைப் போல் அராவிவிடும்.

வீட்டினருக்கும் ஒரு சொல். எஞ்சினை ஓடவிட்டுச் சீர்செய்வதை மூடிய அறையிற் செய்யவிடாதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்றது; ஆளை அறியாமலே கொல்லவல்லது. கதவுகளைத் திறந்துவைத்தலும் போதாது. முற்றத்திற்கு வண்டியை இறக்குவதே முறை. பெற்றோல் திறந்திருக்கும் இடத்தில் சுருட்டும் விளக்கும் வேண்டா.

ஒரு ஞாயிற்றுக்கிழமையின் காலைப்பொழுதும், சில ஜெற்றுகளின் விலையும், சிறிது பொறுமையுமே இவ்வேலைக்கு வேண்டுவன. அவற்றைச் செலவிடத் தயங்குவோர் பழைய வடிகட்டியை மாற்றாதிருத்தலே மேல். செலவிடுவோரின் வண்டி, அதனை முதலில் வாங்கியவரின் பேரப்பிள்ளைகளையும் சுமந்து செல்லும்.