பைனுக்குத் தேக்கு வேஷம் எதற்கு?

மாங்கேணிப் பக்கம் சீமெந்துத் தரைதான் வழக்கம். மேல்மாடி அறைக்குப் பலகைத் தரை போட நினைக்கிறவர்களுக்கு ஒண்டு சொல்ல விரும்புகிறோம்.

முதிரைக்கும் தேக்குக்கும் ஆசைப்பட்டால், மகளுக்குச் சீதன வீடு கட்டுகிற குடும்பம் கடனில்தான் நிற்கும். மலையகத்தில் நட்டு வளர்க்கிற பைன் போதும். ஆனா பைனை வாங்கி, தேக்கு மாதிரித் தெரியவேணும் எண்டு கடும் சாயம் பூசுவதை நாங்கள் ஏற்கவில்லை.

மென்மரம் சாயத்தை ஒரே சீராகக் குடிக்காது. வளையத்தின் வெளிர்ப்பகுதி நிறைய உறிஞ்சும், கரும்பகுதி குறைவாக உறிஞ்சும். தரை திட்டுத்திட்டாய்ப் போகும். கதிரைக்கால் கீறினால் உள்ளேயிருக்கும் வெள்ளை பல்லைக் காட்டும். வெளிர் நிறத்திலேயே விட்டால் கீறல் அவ்வளவாகத் தெரியாது.

சாயத்துக்குப் போகும் காசைக் கறையான் மருந்துக்குக் கொடுங்கள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் அடியுங்கள். மரத்தின் ஓட்டத்திலேயே தேய்த்து, மூன்று மெல்லிய பூச்சு வார்னிஷ் போதும். ஐப்பசி மழைக்கு முன் முடியுங்கள், பிறகு காயாது. ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீங்க. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் தரையைப் பார்த்து "இது என்ன மரம்?" எண்டு கேட்டால், பைன் எண்டே சொல்லுவோம். அதில் வெட்கப்பட ஒண்டுமில்லை.