வாடகையே இ.எம்.ஐ. கட்டிடுமாம்ல!

"வாடகையே இ.எம்.ஐ. கட்டிடும் மச்சி, நீ கையெழுத்து மட்டும் போடு."

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நாலு பேர் கூடுற டீக்கடையில் நின்னா போதும், இந்த வசனம் காதில் விழும். குடியிருக்க ஏற்கெனவே ஒரு வீடு இருக்கும். இரண்டாவதா ஒரு டூ பெட்ரூம் ஃப்ளாட்டை லோனில் வாங்கி வாடகைக்கு விட்டால், இருபது வருஷத்தில் சும்மா ஒரு சொத்து. கேட்க நல்லாத்தான்யா இருக்கு. ஆனா பொய். அதுவும், செலவை அடுத்தவன் தலையில் கட்டுற பொய். அதான் இந்தப் பதிவு.

கணக்குக்கு வருவோம். ஃப்ளாட் விலை 50 லட்சம்னு வைங்க. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக லோன் 40 லட்சம். வட்டி 8 சதவீதம், 20 வருஷம். மாதத் தவணை ஏறக்குறைய 33,460 ரூபாய். வாடகை? தாராளமா 15,000 வைங்க. முதல் மாச வட்டி மட்டுமே 26,667. அசலை விடுங்க சாமி, வாடகை வட்டியைக்கூடத் தொடலை! வருஷத்தில் ஒரு மாசம் வீடு காலியா கிடந்தா, வருஷத்துக்கு 2.36 லட்சம் துண்டு. பெயின்ட், சொத்து வரி, மெயின்டெனன்ஸ் எல்லாம் தனி.

"வருமான வரியில் கழிச்சுக்கலாமே?" என்று ஒருத்தர் கிளம்புவார். அந்தக் காலம் 2017 ஏப்ரலோடு மலையேறிடுச்சு. வாடகை வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க வருஷத்துக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு. புது வரித் திட்டத்தில் இருந்தால் அதுவும் கிடையாது.

சரி, இந்தத் துண்டை யார் அடைக்கிறா? இங்கதான் என் சண்டையே. பாதிப் பேர் அடைக்கிறது குடித்தனக்காரர் கொடுத்த அட்வான்ஸை வச்சு. சென்னை வழக்கப்படி பத்து மாசம், 15,000 வாடகைக்கு ஒன்றரை லட்சம். வட்டியில்லாக் கடன். அது பேங்க் வாசலில் நாலஞ்சு தவணையாக் கரைஞ்சிடும். காலி பண்ணும்போது கேட்டால், "அடுத்த பார்ட்டி வரட்டும் சார், வாங்கித் தர்றேன்." பத்து வருஷமா அம்பத்தூரில் வாடகைக்கு இருக்கிறவன் நான், மூணு வீடு மாறியாச்சு. இரண்டு ஓனர்கள்கிட்ட இதே பதில் கேட்டேன். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க நான் கைமாத்துக்கு அலையணும், அவர் முதலீட்டாளர்னு பேர் வாங்கணும். நல்லா இருக்கு நியாயம்!

தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷ வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்காதே, வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழிச்சுக்கிட்டுத் திருப்பிக் கொடு என்கிறது. "ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால்" என்று மூன்று மாதத்துக்கு மட்டும் ஒரு சந்தும் விட்டிருக்கு. நம்மாட்கள் அந்தச் சந்துக்குள்ளதான் லாரியே ஓட்டுறாங்க.

பராமரிப்பு? 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் தண்ணி நின்னதும், 2023 மிக்ஜாம் புயலில் ஆவடி மிதந்ததும் ஏரியாக்காரங்களுக்கு மறக்காது. தரைத்தள ஃப்ளாட்டில் பீரோவைக் கட்டில் மேல ஏத்தினது குடித்தனக்காரர். வேளச்சேரியிலோ வெளிநாட்டிலோ இருக்கிற ஓனருக்கு அது வாட்ஸப் வீடியோ. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வாடகை மட்டும் கரெக்டா போயாகணும்.

"விலை ஏறும்ல?" ஏறலாம். பூந்தமல்லிக்கு மெட்ரோ என்று சொல்லியே விலையை ஏத்தி வித்தாச்சு, இனி ஏறுவதில் உங்க பங்கு எவ்வளவோ. ஆனா அப்படி ஏறும்னு நம்பி வாங்கினா அது சூதாட்டம், வாடகைத் தொழில் இல்லை. ஆடுங்க, உங்க காசில் ஆடுங்க. சிட்கோ எஸ்டேட்டில் ஷிப்ட் பார்க்கிறவனோட ஒன்றரை லட்சத்தில் ஆடாதீங்க.

குடியிருக்க வீடு வாங்குறவங்களையும், மாடி போர்ஷன் வாடகையில் மருந்து வாங்குற பெரியவங்களையும் நான் சொல்லலை. ரெண்டு, மூணுன்னு அடுக்குற ஆட்களைத்தான் சொல்றேன். அட்வான்ஸைத் தனியா டெபாசிட்ல போட்டு வைங்க, வட்டியை நீங்களே எடுத்துக்குங்க. ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணுங்க. அட்வான்ஸைத் தொடாம தவணை கட்ட முடியாதுன்னா, அந்த ஃப்ளாட்டை வாங்க உங்களுக்கு வசதி இல்லைன்னு அர்த்தம். அவ்ளோதான்.

டிஸ்கி: பின்னூட்டத்தில் தாராளமா திட்டலாம். ஆனா உங்க ஃப்ளாட் விலை, வாடகை, தவணை மூணையும் போட்டுட்டுத் திட்டுங்க மக்கா. அனானிகளுக்கும் இதே ரூல்தான் :)