தெரியும், தெரிந்தது

ஸ்பானிய மொழி பயிலும் நண்பர்கள் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். மாலை வகுப்பிலிருந்து வாடிய முகத்தோடு அவர்கள் திரும்பினால், அன்று இறந்தகாலப் பாடம் நடந்தது என்று கொள்ளலாம். அம்மொழியில் எளிய இறந்தகாலம் இரண்டு. ஒன்று நடந்து முடிந்ததைச் சொல்வது. மற்றொன்று முன்பு நிலவிக்கொண்டிருந்ததைச் சொல்வது. அதுவரை தொல்லையில்லை. காலம் மாறினால் சில வினைகளுக்குப் பொருளே மாறிவிடும் என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுக்கிறார்களே, அங்கேதான் தொல்லை!

அறிதலைக் குறிக்கும் 'சபேர்' என்ற வினையில், 'சபீயா' என்றால் முன்பே அறிந்திருந்தேன். 'சூப்பே' என்றால் அறிய வந்தேன். இயலுதலைக் குறிக்கும் 'பொதேர்' என்ற வினையில், 'பொதீயா' என்றால் ஆற்றல் இருந்தது, அவ்வளவே. செய்தேனா இல்லையா என்பது அதிலிருந்து விளங்காது. 'பூதே' என்றால் செய்தே முடித்தேன். ஆங்கிலத்தின் வழியாகப் பயில்கிறவருக்கு முன்னதில் இரண்டு பொருளுக்கும் வெவ்வேறு சொற்கள். ஆகவே, மனப்பாடம்.

தமிழனுக்கு இந்த மனப்பாடம் எதற்கு என்பதே என் கேள்வி.

"தேர்வு தள்ளிப்போனது எனக்கு நேற்றே தெரியும்" என்கிறோம். "தள்ளிப்போனது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது" என்றும் சொல்கிறோம். இரண்டும் நேற்றைய நிலைமையைப் பற்றியவையே. முன்னது சபீயா, பின்னது சூப்பே. "அந்த வயதில் என்னால் அல்சூர் ஏரியைச் சுற்றி ஓட முடியும்" என்று ஒருவர் பெருமை பேசலாம். ஓடிக் காட்ட வேண்டியதில்லை. "அன்று ஓட முடிந்தது" என்றாலோ ஓடியிருக்க வேண்டும்! இதை நமக்கு யாரும் கற்பிக்கவில்லை, தாய்மடியில் கற்றோம். பெங்களூரில் வாழும் நமக்கு இன்னொரு துணையும் உண்டு. கன்னட நண்பர் 'கொத்தித்து' என்பதும் 'கொத்தாயித்து' என்பதும் இதே வேறுபாடுதான். முன்னதில் இருப்பது 'இருந்தது'. பின்னதில் இருப்பது 'ஆயிற்று'. ஒட்டை உடைத்துப் பார்த்தால் இலக்கணமே வெளியில் தெரிகிறது.

உண்மையில் பொருள் மாறுகிறதா? மாறவில்லை என்பது என் துணிபு. அறிவு என்பது ஒரு நிலை. நிலையின் நடுவில் நின்று பார்த்தால் 'தெரியும்'. அந்த நிலை பிறந்த கணத்தைச் சுட்டினால் 'தெரிந்தது'. கரகாசில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்திரேஸ் பெல்யோ என்ற அறிஞர், 1847-இல் அமெரிக்க நாடுகளின் மக்களுக்கென எழுதிய ஸ்பானிய இலக்கணத்தில், நிறைவெய்தியதும் முடிந்துபோகும் வினைகளையும் நிறைவெய்திய பின்னும் நீடிக்கும் வினைகளையும் பிரித்துக் காட்டினார். நீடிக்கும் வினையில் இறந்தகாலம் அதன் தொடக்கத்தைக் குறிக்கக்கூடும். இதை அறிந்தால் பட்டியலில் பாதி தானே உதிர்ந்துவிடும்.

ஆனால் நம் வீட்டிலும் ஒரு குறை உண்டு. பள்ளியில் 'தெரியும்' என்பதை எதிர்காலம் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். 'செய்யும்' என்னும் முற்று நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் காட்டும் என்றார் நன்னூலார். மூன்று காலத்திலும் மாறாத இயல்புகளைப் பொதுச்சொல்லால் சொல்லுக என்று அவருக்கு நெடுங்காலம் முன்பே விதித்தார் தொல்காப்பியர். "நேற்றே தெரியும்" என்பதில் அதே வடிவம் இறந்தகாலத்துக்குள் சென்று நிற்கிறதே, அதைப் பற்றி எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், அயல்மொழிப் பாடத்திற்கு ஆங்கிலத்தின் வாசற்படியில் காத்துக் கிடந்திருக்க மாட்டோம். நம் மன்றம் மலர் வெளியிடும் செலவில் ஒரு பகுதியைக்கொண்டு, தமிழ்வழி ஸ்பானியக் குறிப்பேடு ஒன்றை அச்சிடலாகாதா? முப்பது பக்கம் போதும்.

தமிழ் எல்லாவற்றுக்கும் திறவுகோல் என்று நான் மார்தட்டவில்லை. விரும்புதலைக் குறிக்கும் 'கெரேர்' நம்மைக் கைவிட்டுவிடும். 'கெரீயா' என்றால் விரும்பினேன் என்பது சரி. 'கீசே' என்றால், பல இடங்களில் முயன்றேன் என்ற அளவுக்குப் போகும். 'நோ கீசே' என்றால் மறுத்துவிட்டேன் என்று பொருள்படும். நம் 'விரும்பவில்லை' இவ்வளவு கடுமையானதன்று.

இதில் இடறியவர் என் அறைத்தோழர். ஆசிரியர் வீட்டு விருந்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, மறுநாள் ஸ்பானியத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அன்று எங்கும் போகப் பிடிக்கவில்லை என்று பணிவாகச் சொல்ல நினைத்து, 'நோ கீசே' என்று எழுதிவிட்டார். ஆசிரியர் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து, "வர முடியவில்லை" என்ற தமிழிலிருந்து தொடங்கி, 'நோ பூதே' என்று திருத்தினோம். முயன்றும் இயலாமற் போயிற்று என்பது அதன் பொருள். அவர் முயலவே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆசிரியருக்கு எப்போது தெரிந்ததோ!