மஞ்சள் டப்பா சொல்லும் சேதி

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. வேலூர் மாவட்டத்தின் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் கத்தரியோ வெண்டையோ, பயிர் வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளை ஈ என்றாலே முகம் மாறும்!

இந்தப் பூச்சி ஒன்றரை மில்லிமீட்டர் கூட இருக்காது. இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு சாறு உறிஞ்சும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புவதும் இதுதான். அது வைரஸ் நோய். வந்துவிட்டால் செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அதனால் பூச்சி வந்துவிட்டதை முதலிலேயே தெரிந்துகொள்வது முக்கியம்.

அதற்கு வீட்டிலேயே ஒரு பொறி செய்யலாம். காலி டப்பா ஒன்றை எடுத்து வெளிப்புறம் முழுவதும் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட் அடிக்க வேண்டும். பெயிண்ட் காய்ந்ததும் விளக்கெண்ணெய் அல்லது கிரீஸ் தடவி, ஒரு குச்சியில் கவிழ்த்துச் செடியின் உயரத்துக்குச் சற்று மேலே நட வேண்டும். அவ்வளவுதான்! வெள்ளை ஈ, அசுவினி போன்ற பூச்சிகளுக்கு மஞ்சள் நிறம் என்றால் கொள்ளை ஆசை. வந்து உட்கார்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். தூசி படிந்தால் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணெய் தடவலாம். எக்டருக்கு 12 பொறிகள், அதாவது ஏக்கருக்குச் சுமார் 5, என்பது வழக்கமான பரிந்துரை.

"ஐந்து டப்பா வைத்தால் ஒரு ஏக்கர் பூச்சியும் செத்துவிடுமா?" என்று சிலர் சிரிக்கலாம். சாகாதுதான். அப்படி எதிர்பார்த்து வைப்பவர்கள் ஒரே வாரத்தில் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இந்தப் பொறியின் முதல் வேலை கொல்வது அல்ல, தகவல் சொல்வது. போன வாரம் 5 ஒட்டியிருந்தது, இந்த வாரம் 50 என்றால், இலையைத் திருப்பிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணிக்கை கூடவில்லை என்றால், பக்கத்து வயலில் அடிக்கிறார்கள் என்பதற்காக மருந்து அடிக்க வேண்டியதில்லை.

தேவையில்லாமல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் காசு போகிறது. அடிப்பவரின் உடம்பும் கெடுகிறது. வெள்ளை ஈயைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்து சாகிறது. போதாக்குறைக்கு, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈ அதற்குப் பழகியும் விடுகிறது! பொறியிலும் சில நல்ல பூச்சிகள் மாட்டத்தான் செய்யும். அதனால் அளவோடு வைப்பதே நல்லது.

கடையில் ஒட்டும் அட்டை கிடைக்கிறது. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் கிராமத்துப் பள்ளி மாணவர்கள் ஆளுக்கு ஒரு டப்பா செய்து, வாரம் ஒருமுறை எண்ணி, கணக்கைக் கரும்பலகையில் எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? அறிவியல் பாடம் நடத்தியது போலவும் ஆகும், ஊருக்கே ஒரு முன்னெச்சரிக்கையும் கிடைக்கும். செலவு என்னவோ ஒரு சின்ன டப்பா பெயிண்ட்தான். ஆசிரியர்கள் யோசிக்கலாமே!