சிறுநீரகச் சிகிச்சையும் சர்க்காரின் கடமையும்

திடீரென்று ஏற்படும் சிறுநீரகப் பழுதுக்குச் சிகிச்சை கிடைக்காமல், 2025-ம் வருஷத்துக்குப் பிறகு ஏழை நாடுகளிலும் ஒருவர்கூட மடியலாகாது என்று சர்வதேசச் சிறுநீரக வைத்தியச் சங்கம் 2013-ல் ஒரு லட்சியத்தைப் பிரகடனம் செய்தது. அந்த வருஷமும் வந்தது, போயிற்று. லட்சியம் எவ்வளவு தூரம் கைகூடிற்று என்பதை அறிய லண்டனுக்கோ ஜெனிவாவுக்கோ போக வேண்டியதில்லை. சென்னைக்கு மேற்கே அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும், நள்ளிரவில் நோயாளியை வண்டியில் போட்டுக்கொண்டு நகரத்தை நோக்கி ஓடும் குடும்பத்தாரைக் கேட்டாலே போதும்.

நாம் இங்கே கருதுவது, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிஸிஸ் செய்துகொண்டு வீடு திரும்பும் நாட்பட்ட நோயாளிகளை அல்ல. அவர்களுக்காகச் சர்க்கார்கள் ஓரளவு பாடுபட்டிருக்கின்றன. அதை மறுப்பது நியாயமாகாது. தேசிய டயாலிஸிஸ் திட்டம் 2016-ல் அறிவிக்கப்பட்டது. 2021-ல் நம் மாகாணத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, வயிற்று வழி டயாலிஸிஸுக்கு வேண்டிய திரவப் பைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. நாம் சொல்லும் நோயாளி வேறு. நேற்றுவரை அம்பத்தூர்ப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். எலிக் காய்ச்சலோ, உண்ணிக் காய்ச்சலோ, கண்ணாடி விரியன் கடியோ காரணமாக மூன்றே நாளில் மூத்திரம் நின்று, ரத்த அழுத்தம் விழுந்து, சுவாச யந்திரத்தின் தயவில் கிடப்பவர். 33 தேசங்களில் 97 ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பகுதிகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான கணக்குப்படி, அங்கே படுக்கும் நோயாளிகளில் நூற்றுக்கு 57 பேருக்குச் சிறுநீரகம் சிறிதாகவோ பெரிதாகவோ பழுதுபடுகிறது. 13 பேருக்கு மேல் யந்திரத்தின் துணை தேவைப்படுகிறது. பிழைத்து எழுந்தவர்களில் பலருக்குச் சிறுநீரகம் மறுபடியும் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆகவே அவர்கள் கேட்பது ஆயுள்கால தர்மம் அல்ல. சில தினங்களைக் கடத்திவிடும் உதவியே.

இவர்களைச் சாதாரண டயாலிஸிஸில் வைக்க டாக்டர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அதில் நான்கு மணி நேரத்துக்குள் சுமார் 120 லிட்டர் திரவத்தை ஓடவிட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்து, தேங்கிய நீரையும் இழுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே ரத்த அழுத்தம் வீழ்ந்தவர் அந்த வேகத்தைத் தாங்கமாட்டார். ஜெர்மனியில் கொட்டிங்கன் நகரத்து டாக்டர் பீட்டர் கிராமர் 1977-ல் இதற்கு ஒரு வழி கண்டார். தொடையில் ரத்த நாளத்துக்கென்று செலுத்திய குழாய் தவறித் தமனியில் போய்விட, நோயாளியின் இருதய வேகத்தைக்கொண்டே ரத்தத்தை மெதுவாக வடிகட்டலாம் என்ற யோசனை அவருக்கு உதித்ததாம். தவறும் சில சமயம் குருவாகிறது! அதிலிருந்து வளர்ந்ததுதான் இருபத்துநான்கு மணி நேரமும் ஓயாது நடக்கும் தொடர் டயாலிஸிஸ். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர் வீதம், நாளொன்றுக்கு 36 லிட்டர் திரவம் செலவாகும். அத்தனையும் கிருமி நீக்கி முத்திரையிட்ட பைகளில் வரவேண்டும். வடிகட்டி மூன்று நாளைக்கு மேல் உதவாது. ரத்தம் உறைந்தால் அதற்கு முன்பே எறிய வேண்டியதுதான். யந்திரமும் வடிகட்டியும் பெரும்பாலும் அந்நியக் கம்பெனிகளின் சரக்கு. பக்கத்தில் ஒரு நர்ஸ் இரவும் பகலும் கண் கொட்டாமல் இருக்க வேண்டும்.

இவ்வளவு செலவுக்கும் ஏற்ற பலன் உண்டா? பிரான்ஸில் 21 தீவிர சிகிச்சைப் பகுதிகளில் நடந்து 2006-ல் வெளியான பரிசோதனையில், அறுபதாம் நாளில் உயிருடன் இருந்தவர்கள், விட்டுவிட்டுச் செய்த டயாலிஸிஸில் நூற்றுக்கு 32. தொடர் சிகிச்சையில் 33. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 232 நோயாளிகளிடம் நடந்து 2012-ல் வெளியான பரிசோதனை நமக்கு இன்னும் முக்கியமானது. தொடர் சிகிச்சையையும், மெதுவாகப் பன்னிரண்டு மணி நேரம் செய்யும் டயாலிஸிஸையும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மரணத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. ஆனால் இரண்டாவது முறையில் நர்ஸுகளின் உழைப்பும் செலவும் குறைந்தன. மூளை வீங்கியவர்களுக்கும், ரத்த அழுத்தம் அறவே நிலைகொள்ளாதவர்களுக்கும் தொடர் முறையே உத்தமம் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். அதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். அத்தகையோருக்காக நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் அந்த யந்திரங்கள் இருக்கட்டும். ஆனால் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வேண்டியது அதுவல்ல. சாதாரண டயாலிஸிஸ் யந்திரத்தையே வேகம் தணித்து, எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் நோயாளியின் படுக்கையருகில் ஓட்டினால் பெரும்பாலோருக்குப் போதும். அதற்குச் சுத்தித்த நீரும், ஓயாத மின்சாரமும், எல்லாவற்றுக்கும் மேலாக இரவில் விழித்திருக்கும் மனிதரும் வேண்டும்.

இங்கேதான் நம் சர்க்கார்களின் பழைய வியாதி தலைகாட்டுகிறது. யந்திரம் வாங்குவதில் உள்ள உற்சாகம், அதை ஓட்டும் ஆளை நியமிப்பதில் இருப்பதில்லை. யந்திரத்துக்கு மாலை போட்டுப் படம் பிடிக்கலாம். இரவு நர்ஸின் நியமன உத்தரவுக்கு யார் மாலை போடுவார்கள்? பகல் நேரத்தோடு உறையிட்டு மூடப்படும் யந்திரம் பத்து இருந்தாலும், இரவு இரண்டு மணிக்கு மூத்திரம் நின்றவருக்கு அவை இல்லாததற்குச் சமானமே.

‘நகரம் பக்கத்தில்தானே இருக்கிறது, கொண்டுபோனால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கீழ்க் கோடியில், 1664-ல் கோட்டைக்குள் தோன்றிய பழைய ஜெனரல் ஆஸ்பத்திரி நிற்பது வாஸ்தவமே. 2008 முதல் 108 வண்டியும் ஓடுகிறது. ஆனால் ரத்த அழுத்தத்தை மருந்தின் சொட்டுகளால் தாங்கிப் பிடித்திருக்கும் நோயாளிக்கு அந்தப் பயணம் எவ்வளவு அபாயம் என்பதை எந்த டாக்டரும் சொல்லுவார். அவசரப்பட்டு யந்திரத்தில் மாட்டுவதால் விசேஷ நன்மை இல்லை என்று, சுமார் 3,000 நோயாளிகளைக்கொண்டு 2020-ல் வெளியான ஒரு சர்வதேசப் பரிசோதனை காட்டியிருக்கிறது. பொறுத்துப் பார்க்கலாம், ஆனால் பொறுத்தது போதும் என்ற நிமிஷம் வரும்போது யந்திரம் அருகில் இருந்தாக வேண்டும்.

இந்தப் பிரதேசத்துக்கு இதைக் கேட்க விசேஷ உரிமையும் உண்டு. 1955 ஜனவரியில் சோஷலிஸ முறைச் சமுதாயமே நமது குறிக்கோள் என்று காங்கிரஸ் மகாசபை தீர்மானித்தது ஆவடி மண்ணில்தான். 1961-ல் அங்கே டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. தேசத்தின் கவசத்தைச் செய்த கைகள் இவை. தொழிலாளர் இன்ஷ்யூரன்ஸ் சட்டமோ 1948-லேயே பிறந்தது. அதன்படி 2019 முதல் தொழிலாளி தம் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கும் முதலாளி மூன்றேகால் பங்கும் கட்டவேண்டும் என்று ஏற்பட்டது. காண்டிராக்டர் பெயரில் பேட்டைக்குள் நுழையும் எத்தனையோ பேருக்கு அந்தச் சீட்டும் கிடையாது. ஆரோக்கியமாயிருந்த காலமெல்லாம் சந்தா கொடுத்தவர், உயிருக்கு மன்றாடும் இரவில் தாலியை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு முன்பணம் கட்டுவது என்ன சமுதாய முறையோ நாம் அறியோம்.

இன்ஷ்யூரன்ஸ் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பத்து மணி நேரச் சிகிச்சைக்கு நான்கு மணி நேரச் சிகிச்சையின் கட்டணத்தையே கொடுப்பதென்றால், எந்த ஆஸ்பத்திரியும் அதைத் தொடாது. நீண்ட நேர டயாலிஸிஸுக்குத் தனி விகிதம் நிர்ணயிக்க வேண்டும். 2021-ல் கொள்ளை நோய் உச்சத்தில் இருந்தபோது, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை காலி என்று சர்க்கார் அன்றாடம் கணக்கு வெளியிட்டது. அது போலவே, எங்கே டயாலிஸிஸ் யந்திரத்தோடு கூடிய தீவிர சிகிச்சைப் படுக்கை காலியாக இருக்கிறது என்ற கணக்கை 108 வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டால், பாதி அலைச்சல் குறையும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, மதுரவாயல் தொகுதிகளின் சட்டசபை அங்கத்தினர்கள் எந்தக் கட்சியினராயினும் ஆகுக. அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் சுகாதார மந்திரியை அவர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்று கோருகிறோம். இந்தத் தொகுதிகளின் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இரவு பன்னிரண்டு மணிக்கு ஓடக்கூடிய டயாலிஸிஸ் யந்திரங்கள் எத்தனை? அவற்றின் பக்கத்தில் நிற்க அந்த நேரத்தில் நர்ஸுகள் எத்தனை பேர்? இல்லையென்றால், எந்தத் தேதிக்குள்?