இணையத்தில் தன்மனை எழுப்புக!

பிறர் கட்டிய இணையப் பக்கங்களைப் பார்த்திருப்பது கணினிக் கல்வியாகாது. பக்கத்தைத் தானே கட்டவும், கட்டியதைக் காக்கவும் அறிவதே கல்வி. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு, குடிக்கூலி வீட்டிற்கும் தன்மனைக்கும் உள்ள வேறுபாடே.

திம் பெர்னர்சு-இலீ என்னும் ஆங்கில அறிஞர் 1989-இல், சுவிசு நாட்டுச் செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது, உலகளாவிய வலைக்குத் திட்டம் வகுத்தார். அவ்வாய்வகம் அந்நுட்பத்தை 1993 ஏப்பிரல் 30-ஆம் நாள் எவரும் விலையின்றி எடுத்தாளுமாறு உலகிற்கு வழங்கிற்று. மண்ணும் மரமும் பொதுவாய்க் கிடக்க, கட்டக் கல்லாதவன் தெருவில் நிற்பானாயின் குறை எவருடையது?

கற்க வேண்டுவன மலையளவின அல்ல. பக்கத்தின் சட்டகத்தை அமைப்பது எச்.டி.எம்.எல். என்னும் மீயுரைக் குறிமொழி. அதற்கு வண்ணமும் வடிவும் உடுத்துவது சி.எசு.எசு.; அதனை இயங்கச் செய்வது சாவாசுகிரிப்டு. தொடங்குதற்கு, எழுத்தை மட்டும் பதியும் ஓர் எளிய மென்பொருளும் ஓர் உலாவியும் போதும். இணைய இணைப்புங்கூட வேண்டா. களப்பெயர் பதிதலும், வழங்கியில் ஏற்றுதலும் பின்னர் வருவன. களப்பெயரைக் காலந்தவறாது புதுப்பித்தலும், எல்லாவற்றிற்கும் வேறிடத்தே படியெடுத்து வைத்தலும் ஒருநாளும் மறக்கத் தகாதன.

விலையின்றி இடந்தந்த சியோசிட்டீசை, யாகூ நிறுவனம் 2009 அத்தோபரில், சப்பான் கிளை நீங்கலாக, மூடிற்று. படி வைத்திருந்தோர் வேறிடம் பெயர்ந்தனர். வையாதோர் பக்கங்களுள், ஆவணக் காவலர் மீட்டவை போக எஞ்சியவை அழிந்தன. பிறன் திண்ணையில் பரப்பிய பொருளுக்கு உறுதி ஏது?

தமிழர்க்கு இக்கல்வி இன்னும் இன்றியமையாதது. ஒருங்குகுறி பரவுமுன் எழுத்துருவிற்கொரு குறியாக்கம் இருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் பொருளற்ற குறிக்குவியலாய்த் தோன்றிற்று. 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தார் தம் நூல்களைப் பின்னர் ஒருங்குகுறிக்கு மாற்றினர். அவை இன்றும் படிக்கப்படுகின்றன. மாற்ற அறியாதோர் எழுதியவை படிப்பாரற்றுப் போயின. இன்றும், பக்கத்தின் மொழி தமிழ் என்பதைக் குறிமொழியில் ஒரு சொல்லால் அறிவியாவிடின், கண்பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருள் தடுமாற நேரும். ஒரு சொல்லை எழுதக் கல்லாமையால் ஒருவர் செவிக்குத் தமிழ் எட்டாது போகலாமா?

ஆகவே, ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள் கிழமைக்கு ஒரு மாலையை இக்கல்விக்கு ஒதுக்குக. தம் ஊர்ப்பெயரும், தொழிற்சொற்களும், முதியோர் வாய்மொழியும் தாங்கிய பக்கங்களை மாணவர் தம் கையாலேயே கட்டுக. கற்றவர் ஒவ்வொருவரும் மற்றொருவர்க்குக் கற்பிக்க. குடியிருக்கும் இனம் அன்று, கட்டத் தெரிந்த இனமே நிலைக்கும்!