கணினிக்குள் ஒரு கணினி

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட துயரை அறிந்த நமக்குப் பழைய ஒளிப்பதிவு ஒவ்வொன்றும் அருஞ்செல்வமன்றோ? அத்தகைய இறுவட்டுகளுட் சில, விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே திறப்பன. அதன்பொருட்டு, விர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருளின் துணையால் கணினிக்குள் மற்றொரு கணினியை அமைக்கின்றோம். ஆங்கே படம் விட்டுவிட்டு ஓடினால், வட்டுப் பழுதென்று வீசிவிடலாகாது.

உட்கணினிக்கு உண்மையான வரைகலை அட்டை இல்லை; படத்தை விரிக்கும் சுமை பெரிதும் மையச் செயலியையே சாரும். ஆதலின், உள்ளே ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ என்னும் துணை மென்பொருளை நிறுவுக. படத்துக்குரிய நினைவகத்தை 128 மெகாபைற்றாக உயர்த்துக.

பின்னும் தடுமாறின், படக்கோப்பை மட்டும் எடுத்து வெளிக்கணினியில் வி.எல்.சி. கொண்டு ஓட்டிப் பாருங்கள். அங்கே செவ்வனே ஓடினால் வட்டில் குறையில்லை. மாணவர்காள், அன்றே படியெடுத்து வைத்தல் நம் கடன்.